எஸ், சி, எச்: மூன்று எழுத்துகளும் நம் கல்வி வரலாறும்

ஆங்கில அகராதியைப் புரட்டினால், எஸ், சி, எச் என்னும் மூன்று எழுத்துகளும் அடுத்தடுத்து நின்று தொடங்கும் சொற்கள் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடக் காணலாம். அவற்றுள்ளும் நம் மக்கள் நாவில் நாளும் வழங்குபவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். ஸ்கூல், ஸ்காலர், ஸ்காலர்ஷிப், ஷெட்யூல், ஸ்கீம் என்பன அவை. ஆங்கிலம் ஓரெழுத்தும் கல்லாத நம் தாய்மார்களும் இவற்றைப் பிழையின்றிப் பயன்படுத்துகின்றனர். பிள்ளையை ஸ்கூலில் சேர்த்தாயிற்று என்பர். ஸ்காலர்ஷிப் வந்ததா என்று கேட்பர். புதிதாக ஏதோ ஸ்கீம் வந்திருக்கிறதாம் என்று அரூரிலோ பாலக்கோட்டிலோ உள்ள அலுவலகத்திற்குப் பேருந்து ஏறுவர். ஷெட்யூல் என்ற சொல் மட்டும் எஸ்.சி. என்று இரண்டெழுத்தாகக் குறுகி, நம் பிள்ளைகளின் சான்றிதழ்களில் குடியேறியிருக்கிறது. பள்ளியையும் படிப்பாளியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலிரண்டு எழுத்துகளும் அவையே.

வெள்ளிவிழா மலரில் சொல்லாராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். நம் கழகத்தின் மாலை வகுப்புகளில் பயிலும் இளைஞர் பலர், எஸ்.சி. என்னும் இரண்டெழுத்தை ஓர் இழிசொல்லாகவே கேட்டு வளர்ந்துள்ளனர். கல்லூரி விடுதியிலும் பணியிடத்திலும் அவ்வெழுத்துகள் தம்மீது வீசப்படும்போது தலைகுனிந்து நிற்கின்றனர். அச்சொல் எந்த மொழியில் பிறந்தது, எந்த ஆண்டில், எவர் கையால் நம்மீது எழுதப்பட்டது, அதற்கு என்ன பொருள் என்பவற்றை அவர்கட்கு எவரும் கற்பித்ததில்லை. ஆகவே இவ்வைந்து சொற்களின் பிறப்பையும், அவை நம்மை வந்தடைந்த வழியையும் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் ஸ்கூல். இச்சொல் கிரேக்க மொழியில் பிறந்தது. ஸ்கோலே என்பது அதன் பழைய வடிவம். அதற்குப் பள்ளி என்பது முதற்பொருளன்று. ஓய்வு, வேலையிலிருந்து விடுபட்ட பொழுது என்பதே பொருள். ஓய்வுப் பொழுதில் கூடிப் பேசி அறிவு தேடினர். நாளடைவில் அவ்வாறு கூடிய இடத்திற்கே அப்பெயர் ஆயிற்று. இலத்தீனில் ஸ்கோலா ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. இடைக்கால ஆங்கிலேயர் அதனை எச் இல்லாமலே எழுதினர். கிரேக்க, இலத்தீன் நூல்களில் பற்று மிகுந்த பிற்காலத்தில், மூலத்தை நினைவூட்டும்பொருட்டு எச் சேர்க்கப்பட்டது. ஒலிக்காத அந்த எழுத்து ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்கும் மாணவர்க்கு இதுவே விடை. மீன் கூட்டத்திற்கும் ஆங்கிலத்தில் ஸ்கூல் என்றே பெயர், எழுத்துகளும் அவையே. ஆனால் அது டச்சு மொழியிலிருந்து வந்த, கூட்டம் என்று பொருள்படும் வேறு சொல். ஒரே எழுத்துகளைச் சுமப்பதால் இரு சொற்கள் உறவாகிவிடா என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

நம் தமிழ்ச் சொல்லின் கதையும் இதை ஒத்ததே. பள்ளி என்பது படுக்கை, தங்குமிடம் எனப் பொருள்பட்டு, பின்னர்ச் சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்தது; அவர்கள் தம் இருப்பிடத்திலேயே பிள்ளைகட்குக் கற்பித்தமையால் கல்வி நிலையத்திற்கு அப்பெயர் வந்தது என்பர் அறிஞர். இச்சொல்லுக்கும் நம் மாவட்டத்திற்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. திருக்கோவலூருக்கு அருகில் உள்ள சம்பை என்னும் ஊரில் 1981ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் ஒரு தமிழி எழுத்துக் கல்வெட்டைக் கண்டறிந்தனர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பாளி அது என்று அக்கல்வெட்டு கூறுகின்றது. பாளி என்பது பள்ளியே. தகடூர் என்பது நம் தருமபுரியின் பழம்பெயர் என்பதை இளைஞர்கட்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும், 9ஆம் நூற்றாண்டில் நுளம்ப மன்னர் காலத்தில் சமணப் பள்ளி இருந்ததைத் தூண் கல்வெட்டு காட்டுகின்றது. இவ்வாறு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகப் பள்ளி என்னும் சொல் இம்மண்ணில் வழங்கி வந்துள்ளது. ஆயினும் அந்த ஈராயிரம் ஆண்டுகளில் மிகப்பெரும் பகுதி நம் முன்னோர்க்குப் பள்ளி வாயில் திறந்திருக்கவில்லை.

ஓய்வு என்னும் அந்தக் கிரேக்கப் பொருளில் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏதென்ஸ் நகரத்துப் பெருமக்களுக்கு ஓய்வு எங்கிருந்து வந்தது? அவர்களின் வயலிலும் வீட்டிலும் சுரங்கத்திலும் அடிமைகள் உழைத்தனர்; அதனால் அவர்கட்கு ஓய்வு வாய்த்தது. நம் நாட்டிலும் நிலை அதுவே. சிலர் திண்ணையில் அமர்ந்து சுவடி படித்தனரென்றால், பலர் அவர்தம் கழனியில் நின்றனர் என்பதே அதன் மறுபக்கம். நம் சேரியில் பண்ணையாளாய்ப் பிறந்த குழந்தை நடக்கக் கற்றவுடன் மாட்டின் பின்னே போயிற்று. தந்தை வாங்கிய கடனுக்கு மகன் உழைப்பதும், மகன் உழைத்தும் தீராத கடனுக்குப் பேரன் உழைப்பதும் வழக்கமாயிருந்தன. அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று 1843ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு சட்டம் இயற்றியது. எனினும் கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் மீண்டும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், இடைப்பட்ட 133 ஆண்டுகளில் நம் பிள்ளைகட்கு ஸ்கோலே எத்தனை நாழிகை கிட்டியிருக்கும் என்பதை எண்ணிக்கொள்ளலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் அனைத்திலும் குறைந்த எழுத்தறிவு, 68.54 விழுக்காடு, தருமபுரிக்கே உரியதாயிற்று. இதனைப் பலர் வறட்சியின் மீதும் மலைநிலத்தின் மீதும் ஏற்றிச் சொல்வர். அவையும் காரணங்களே. ஆயின் எந்தத் தெருப் பிள்ளைகள் மாடு மேய்த்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லாத விளக்கம் அரைகுறை விளக்கமே.

அடுத்து ஸ்காலர். இன்று இச்சொல்லைக் கேட்டதும் பேரறிஞர் ஒருவர் நம் மனக்கண்முன் தோன்றுகிறார். ஆனால் பள்ளியில் பயில்பவன் என்பதே அதன் பழம்பொருள். பாலர் வகுப்புச் சிறுவனும் ஸ்காலரே. இப்பொருளில் அச்சொல் நம் நாட்டு ஆவணங்களில் பரவலாக ஆளப்பட்டமைக்குத் தருமபுரியோடு தொடர்புடைய ஒருவரே காரணர். அவர் தாமஸ் மன்றோ. 1792இல் திப்புவிடமிருந்து பாரமகால் பகுதி ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, கேப்டன் ரீடின் துணைவராய் வந்து, 1799 வரை இப்பகுதியில் நிலம் அளந்து வரி விதித்தவர். பின்னர்ச் சென்னை மாகாண ஆளுநரான அவர், மாகாணமெங்கும் எத்தனைப் பள்ளிகள் உள்ளன, அவற்றில் எவரெவர் படிக்கின்றனர் என்று கணக்கெடுக்குமாறு 1822ஆம் ஆண்டு ஆணையிட்டார். 1826இல் கணக்கு முடிந்தது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற அளவில் இருந்தன. இத்தொகையைக் காட்டி, வெள்ளையர் வருமுன் இந்நாட்டில் கல்வி எங்கும் செழித்திருந்தது என்று பேசுவோர் இன்றும் உளர்.

அக்கணக்கெடுப்புக்கென மாவட்ட ஆட்சியர்கட்கு ஒரு படிவம் அனுப்பப்பட்டது. அதில் பிராமண ஸ்காலர், வைசிய ஸ்காலர், சூத்திர ஸ்காலர், முகமதிய ஸ்காலர் எனத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. மிஞ்சியோர் அனைவர்க்கும் மற்றச் சாதியார் என்று ஒரே கட்டம். நம் முன்னோருள் எவரேனும் அன்று ஏட்டைத் தொட்டிருந்தால் அந்த மற்றவர் கட்டத்தினுள்தான் இருந்திருக்க வேண்டும். அதனுள்ளும் எத்தனை பேர் நம்மவர் என்று பிரித்தறிய வழியில்லை. பள்ளியில் இடமில்லாதது ஒருபுறமிருக்க, பள்ளிக் கணக்கில்கூட நமக்கென ஒரு பெயர் இல்லை. செழித்திருந்த கல்வியைப் பற்றிப் பேசுவோர் அந்தக் கட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நலம்.

நம்மவர்க்கெனப் பள்ளிகள் தோன்றிய வரலாறு விரிவானது. அதனைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். இங்கு வேண்டுவன சிலவே. 1893இல் சென்னை அரசு, பஞ்சமர் என்று அன்று வழங்கப்பட்ட நம் மக்களின் கல்விக்காகத் தனி ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார், எந்தப் பெயரைச் சொல்லி நம்மை இழித்தனரோ அந்தப் பெயரையே தலைப்பாக்கிப் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். 1894இல் கர்னல் ஆல்காட், அயோத்திதாசப் பண்டிதர் முதலியோரின் தொடர்பால் சென்னை ஊரூரில் முதல் இலவசப் பள்ளியை நிறுவினார். அயோத்திதாசர் 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார். சேலம், வட ஆர்க்காடு பகுதிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போன நம்மவரிடையே அவருடைய கொள்கை வேரூன்றியது. சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து காசு சேர்த்துப் பௌத்த சங்கமும் பள்ளியும் நடத்தினர். 1920ஆம் ஆண்டையொட்டித் தொழிலாளர் ஆணையர் பதவி ஏற்படுத்தப்பட்டு, நம் குழந்தைகட்கான பள்ளிகள் அத்துறையின் கீழ் வந்தன. லேபர் ஸ்கூல் என்ற பெயர் அவ்வாறு தோன்றியதே. படிக்கும் குழந்தைகளின் பள்ளி ஏன் தொழிலாளர் துறையில் இருக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை போலும். பின்னாளில் அத்துறை அரிசன நலத்துறையாகி, இன்று ஆதிதிராவிடர் நலத்துறையாக விளங்குகின்றது.

இப்பெயர் மாற்றங்களைப் பார்க்கும்போதே ஷெட்யூல் என்னும் சொல்லுக்கு வந்துவிட்டோம். நம் கட்டுரையின் நடுப்பகுதி இதுவே.

மாலை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: ஸ்கூலில் ஸ்க என ஒலிக்கும் அதே மூன்றெழுத்து, ஷெட்யூலில் ஏன் ஷ என ஒலிக்கின்றது? கேள்வி எளிது, விடை அத்துணை எளிதன்று. ஷெட்யூலும் கிரேக்கத்தில் பிறந்ததே. ஸ்கெதே என்றால் பாப்பிரசு என்னும் நாணற்புல்லால் செய்த தாளின் ஓர் ஏடு. இலத்தீனில் அதன் குறுமை வடிவம் ஸ்கெதுலா. சிறு தாள், துண்டுச் சீட்டு என்பது பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தபோது செதூல் என்று ஒலித்தனர். எழுத்திலும் அவ்வாறே இருந்தது. மூலத்தை ஒட்டி எழுத வேண்டுமென்று கற்றோர் எஸ், சி, எச் எனத் திருத்தினர். எழுத்து மாறிய பின் ஒலியும் மாறிற்று. இங்கிலாந்தில் ஷெட்யூல் என்றனர். சொல்லின் மூலம் கிரேக்கமாதலால் ஸ்கெட்யூல் என்பதே முறை என்று கருதிய அமெரிக்க அகராதியாசிரியர் நோவா வெப்ஸ்டர் அதனையே பரிந்துரைத்தார். அமெரிக்கர் இன்றும் அவ்வாறே ஒலிக்கின்றனர். நாம் ஆங்கிலேயரிடம் கற்றதால் ஷெட்யூல் என்கிறோம். ஸ்கூலும் ஸ்கீமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழியறிஞர் கருத்து. ஷெட்யூல் அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அயலான் போன்றது அது.

துண்டுச் சீட்டு எப்படிச் சட்டச் சொல் ஆயிற்று? முற்காலத்தில் ஓர் ஆவணத்தில் அடங்காத பெயர்களையும் பொருள்களையும் தனிச் சீட்டில் எழுதி அதனோடு இணைப்பது வழக்கம். பத்திரம் பதிவு செய்தவர்கள் அறிவர்: நிலத்தின் நான்கெல்லை எழுதும் கடைசிப் பகுதிக்கு இன்றும் ஷெட்யூல் என்றே பெயர். சட்டங்களிலும் அவ்வாறே இறுதியில் இணைக்கப்படும் அட்டவணை ஷெட்யூல் எனப்பட்டது. ஆகவே ஷெட்யூல்டு என்றால் அட்டவணையில் எழுதப்பட்ட என்பது மட்டுமே பொருள். தாழ்ந்த, இழிந்த, தீண்டத்தகாத என்னும் பொருள்களுள் எதுவும் அச்சொல்லின் கிரேக்க வேரிலும் இல்லை, இலத்தீன் கிளையிலும் இல்லை, ஆங்கில இலையிலும் இல்லை.

அது நம்மீது வந்து ஒட்டிய கதை இருபதாம் நூற்றாண்டிற்குரியது. நம்மை எப்பெயரால் அழைப்பது என்பதில் ஆட்சியாளர்க்கு நீண்ட காலம் குழப்பம் இருந்தது. பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என வழங்க வேண்டும் என்று, ஆசிரியராகப் பணியாற்றிச் சட்டமன்றம் புகுந்த எம்.சி. இராசா 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து வெற்றி கண்டார். இந்திய அளவிலோ ஆங்கிலேயர் நம்மை ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்று பொருள்படும் தொடரால் குறித்து வந்தனர். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் சார்பில் அமர்ந்தவர் இருவர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர், மற்றவர் நம் இரட்டைமலை சீனிவாசனார். 1931 நவம்பரில் இருவரும் கையெழுத்திட்டு அளித்த விண்ணப்பத்தில், அந்தப் பழைய தொடர் இழிவு தருவது, அதனை மாற்ற வேண்டும் என்று கேட்டனர். சாதியற்ற இந்துக்கள், மறுப்பாளர் என்னும் பொருளில் சில பெயர்களையும் தாமே முன்மொழிந்தனர். உரிமை கேட்டுப் போன இடத்தில் பெயரைப் பற்றியும் வாதாடினரே என்று வியப்போர், பெயரால் அடிபட்டறியாதவர்.

அவர்கள் கேட்ட பெயர்களுள் ஒன்றையும் ஆங்கில அரசு ஏற்கவில்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் இறுதியில் இணைத்த அட்டவணையில், முன்பு ஒடுக்கப்பட்ட வகுப்பார் எனப்பட்டோரை ஒத்தவராக மன்னர்க்குத் தோன்றும் சாதிகள் ஷெட்யூல்டு சாதிகள் எனப்படும் என்று எழுதி வைத்தனர். 1936இல் அச்சாதிகளின் பெயர்கள் மாகாணவாரியாக ஓர் ஆணையில் வெளிவந்தன. உணர்ச்சியற்ற, எழுத்தர் மேசையில் பிறந்த சொல் அது. நம்மைப் புகழவுமில்லை, இகழவுமில்லை. நம் கருத்து யாதெனில், அதுவே அச்சொல்லின் நன்மை. அரிசன் என்ற பெயர் இரக்கத்தைக் காட்டியது. பஞ்சமன் என்ற பெயர் நாலு வருணத்திற்கும் புறத்தே நிறுத்தியது. ஷெட்யூல்டு என்ற சொல்லோ ஒரு தாளைச் சுட்டியது. அந்தத் தாளில் உரிமை எழுதப்பட்டிருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1942இல் நாகபுரியில் அகில இந்தியக் கட்சி ஒன்றை உருவாக்கியபோது, அதற்கு ஷெட்யூல்டு சாதிகள் கூட்டமைப்பு என்றே பெயரிட்டார் என்பதும், அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம் தமிழகத்து என். சிவராஜ் என்பதும் எண்ணத்தக்கவை. வெட்கப்பட வேண்டிய சொல்லாயின் அவர்கள் அதனைக் கொடியில் எழுதியிருப்பார்களா?

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 341ஆம் பிரிவின்படி 1950 ஆகஸ்டு 10 அன்று குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்தது. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் நாடாளுமன்றத்தால் மட்டுமே இயலும். 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி தமிழ்நாட்டுக்குரிய பட்டியலில் 76 பெயர்கள் இருந்தன. அதனை எடுத்துப் பார்க்கும் இளைஞர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆதி ஆந்திரர், ஆதிதிராவிடர், ஆதி கர்நாடகர், அஜிலா, அருந்ததியர் என்று அது தொடங்குகின்றது. இது மேல் கீழ் என்ற வரிசையன்று. ஆங்கில நெடுங்கணக்கு வரிசை. மனு முதலானோர் சாதிகளை அடுக்கிய நாட்டில், எவர் முன் எவர் பின் என்பதை அகரவரிசை மட்டுமே முடிவு செய்த சாதிப் பட்டியல் ஒன்று உண்டென்றால் அது இதுவே.

அத்தாளுக்குள்ளும் குறைகள் இல்லாமலில்லை. இந்து சமயத்தினர்க்கே பெரும்பாலும் உரியதாயிருந்த அது 1956இல் சீக்கியர் அனைவர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் விரிந்தது; கிறித்தவம் தழுவிய நம் உடன்பிறந்தார் இன்னும் அதற்குப் புறத்தே நிற்கின்றனர். ஒரே தெருவில், ஒரே பாட்டனின் பேரர் இருவருள் ஒருவர் பட்டியலில் இருக்க மற்றவர் இல்லாத நிலையை நம் ஊர்களில் காண்கின்றோம். பட்டியலுக்குள்ளும் பின்தங்கிய அருந்ததியர்க்குத் தமிழ்நாடு அரசு 2009இல், 18 விழுக்காட்டினுள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தது; அவ்வாறு பிரிக்க மாநிலங்கட்கு அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டு 1 அன்று தீர்ப்பளித்தது. இவற்றைப் பற்றி நம்முள் கருத்து வேறுபாடு உண்டு. உண்டெனினும், அகரவரிசையில் அருகருகே நிற்கும் பெயர்கள் நம் தெருக்களில் அருகருகே நிற்கின்றனவா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் இது.

தமிழில் இதனை அட்டவணைச் சாதி என்றும் பட்டியல் சாதி என்றும் எழுதுகின்றனர். அட்டவணை என்ற சொல்லே மராத்தியிலிருந்து வந்ததென்று அகராதி கூறும். நெடுநாள் வழங்கிய தாழ்த்தப்பட்டோர் என்னும் சொல்லோ வேறு வகையது. தாழ்ந்தோர் என்று அது கூறவில்லை. பிறரால் தாழ்த்தப்பட்டவர் என்று செய்த குற்றத்தையும் சேர்த்தே கூறுகின்றது. இரண்டிற்கும் இடமுண்டு என்பது நம் எண்ணம். அலுவலகப் படிவத்தில் பட்டியல் சாதி போதும். வரலாறு எழுதும்போது தாழ்த்தப்பட்டோர் என்றே எழுதலாம்.

துண்டுச் சீட்டு என்னும் பழம்பொருளை நினைக்கும்போது, நம் மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நிகழ்ந்ததைச் சொல்லாமல் செல்ல இயலவில்லை. நாயக்கன்கொட்டாய் அருகில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய நம்மவர் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. நகையும் தானியமும் வண்டியும் போயின. அவற்றோடு பள்ளிச் சான்றிதழ்களும் குடும்ப அட்டைகளும் பிள்ளைகளின் பாடநூல்களும் எரிந்தன. பரம்பரையாக நிலமில்லாத ஒரு குடும்பத்திற்குத் தகரப் பெட்டிக்குள் இருக்கும் நாலைந்து தாள்களே சொத்து. எரித்தவர்கள் அதை அறிந்திருந்தனரோ இல்லையோ, எரிந்தது எது என்பதை அக்குடும்பங்கள் அறியும்.

இனி ஸ்காலர்ஷிப். ஷிப் என்றால் கப்பல்தானே, படிப்பாளிக் கப்பலா இது என்று சிறுவர் சிரிப்பதுண்டு. கப்பலைக் குறிக்கும் சொல்லும் இவ்விகுதியும் வெவ்வேறு. நிலை, தன்மை எனப் பொருள்படும் பழைய ஆங்கில ஈறு இது. நட்பைக் குறிக்கும் பிரெண்ட்ஷிப் என்னும் சொல்லிலும் இதுவே நிற்கின்றது. படிப்பாளியாய் இருக்கும் நிலை என்பது முதற்பொருள். அந்நிலையில் இருப்பதற்குத் தரும் பணம் என்பது பின்வந்த பொருள். உண்மையில் கப்பலேறிய ஸ்காலர்ஷிப் ஒன்றும் உண்டு. 1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 11.50 பவுன் வீதம் மூன்றாண்டுகட்கு அளித்த உதவித்தொகையுடன் இளைஞர் அம்பேத்கர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குக் கப்பலேறினார். படித்து முடித்ததும் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாறே பணிக்குத் திரும்பினார். ஆனால் உலகப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்து வந்த அவருக்கு அந்நகரில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. ஸ்காலர் ஆனாலும் சாதி விடாத கதை அது.

அந்தப் பட்டறிவு அவருக்குள் கிடந்தது. 1942இல் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், அவ்வாண்டு அக்டோபரிலேயே ஷெட்யூல்டு சாதியினரின் குறைகளைத் தொகுத்து ஓர் விண்ணப்பம் அளித்தார். அதில் உயர்கல்விக்கான உதவித்தொகை முதன்மையான கோரிக்கை. 1944ஆம் ஆண்டு மைய அரசின் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கிற்று. ஒரு மன்னரின் தனிப்பட்ட கருணையாய் ஒருவர்க்குக் கிடைத்தது, அரசின் கடமையாய்ப் பலருக்கும் கிடைக்கத் தொடங்கிய ஆண்டு அது. நம் சமுதாயத்தில் இன்று ஆசிரியராய், செவிலியராய், பொறியாளராய், அலுவலராய் இருப்போருள் எத்தனை பேர் அந்தத் தொகையைத் தொடாதவர்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஸ்கீம் என்னும் சொல்லைச் சுருக்கமாகவே பார்க்கலாம். வடிவம் என்பது கிரேக்கப் பொருள். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் அரசுத் திட்டம் என்று பொருள். அமெரிக்காவிலோ பெரும்பாலும் சூழ்ச்சி என்னும் பொருளில் வழங்குகின்றது. நல்ல திட்டத்தை அறிவித்துவிட்டு உரிய காலத்தில் பணம் அனுப்பாதபோது, அமெரிக்கப் பொருளே பொருந்துமோ என்று நம் மாணவர்கள் ஐயுறுவதில் வியப்பில்லை. கல்லூரியில் சேர்ந்த ஆண்டின் உதவித்தொகை அடுத்த ஆண்டில் வந்த கதைகள் இம்மலரைப் படிப்போர் பலர் வீட்டிலும் உண்டு.

2020 இறுதியில் மாற்றியமைக்கப்பட்ட விதிகளின்படி அத்திட்டத்தின் செலவில் 60 விழுக்காட்டை மைய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. 11ஆம் வகுப்பு முதல் உயர்கல்வி வரை பயில்வோர், பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருப்பின் விண்ணப்பிக்கலாம். பணம் மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கிற்கு வருகின்றது. இங்கேதான் எழுத்துகள் மீண்டும் குறுக்கே வந்து நிற்கின்றன. தமிழில் ஒரே பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதம், சாதிச் சான்றில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் ஒரு விதம். ஓர் எச் கூடியதாலும் ஓர் ஏ குறைந்ததாலும் விண்ணப்பம் திரும்பி வந்து, பிள்ளைகள் அலுவலகம் அலுவலகமாக அலைவதைக் காண்கின்றோம். ஆதலின் பெற்றோர், குழந்தையை முதல் வகுப்பில் சேர்க்கும் அன்றே பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, மற்ற எல்லாச் சான்றுகளிலும் அதே எழுத்துகளே வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதத் தெரியாதோர்க்கு உதவ, நம் கழக அலுவலகத்தில் ஞாயிறுதோறும் காலையில் மாணவர் இருவர் அமர்ந்திருப்பர். தகரப் பெட்டியில் உள்ள தாள்கள் அனைத்தையும் எடுத்து வரவும்.